சனிக்கிழமையை வைத்து ரோமுக்குப் போங்கள்

'ரோமன் ஹாலிடே' படம் எடுத்த இடங்களைப் பார்க்கப் போகிறவர்களுக்கு நான் சொல்லும் முதல் விஷயம், ஒரு சனிக்கிழமையைக் குறித்துக்கொண்டு அதைச் சுற்றி மற்ற நாட்களை அமைத்துக்கொள்ளுங்கள் என்பதுதான். விமான டிக்கெட் எந்த நாளில் மலிவு என்பதை அப்புறம் பார்க்கலாம். படத்தின் கடைசிக் காட்சியில் இளவரசி பத்திரிகைக்காரர்களைச் சந்திக்கும் நீண்ட மண்டபம் கொலோன்னா அரண்மனையில் இருக்கிறது. அது இன்றும் ஒரு குடும்பத்தின் சொத்து. பல வருடங்களாகச் சனிக்கிழமை காலைதான் பொதுமக்களை உள்ளே விடும் நேரம். வேறு நாளில் அனுமதி உண்டா என்பதைக் கிளம்பும் முன் அவர்களுடைய இணையதளத்தில் பார்த்துவிடுங்கள். இந்த ஒரு மண்டபத்தைத் தவறவிட்டால் மற்ற எல்லா இடங்களும் முடிவில்லாத கதை மாதிரி நின்றுவிடும்.

நான் போனது ஓர் அக்டோபர் மாதம். மிலானில் படிக்கும் என் தங்கை மகள் ரயிலில் வந்து சேர்ந்துகொண்டாள். வியாழக்கிழமை காலை ரோம், ஞாயிறு காலை திரும்ப வேண்டும். அவள் போனில் எட்டு இடங்களைப் புள்ளி வைத்துக்கொண்டு வந்திருந்தாள். மத்திய ரோம் கால்நடையாகச் சுற்றக்கூடிய ஊர். அதனால் எட்டையும் ஒரே நாளில் முடித்துவிட முடியும். முடித்தும்விட்டோம்.

"பெரியம்மா, எட்டும் பாத்தாச்சு" என்று ராத்திரி அறைக்கு வந்ததும் சொன்னாள். எனக்கு மனசு கனத்தது. முப்பது வருடம் பார்க்க ஆசைப்பட்ட இடங்கள். கேட்டால் எந்த இடத்தில் வெயில் அடித்தது, எங்கே நிழல் இருந்தது என்றுகூடச் சொல்லத் தெரியவில்லை. அன்று இரவு அவளுடைய லேப்டாப்பில் படத்தை மறுபடி போட்டோம். ஊருக்குக் கிளம்பும் முன் படம் பார்ப்பது எல்லாரும் செய்வது. முதல் நாள் சுற்றிவிட்டு வந்து பாருங்கள். கேமரா எங்கே நின்றது, திருப்பத்துக்கு அந்தப்பக்கம் எந்தத் தெரு என்பதெல்லாம் அப்போதுதான் புரியும். வெள்ளிக்கிழமை மூன்றே இடங்களுக்குத் திரும்பப் போனோம்.

முதலில் ஸ்பானிஷ் படிக்கட்டு. இளவரசி ஆன் வேடத்தில் ஆட்ரி ஹெப்பர்ன் கையில் ஜெலாட்டோவோடு உட்கார்ந்திருக்க, கிரெகரி பெக் தற்செயலாகச் சந்திப்பதுபோல் வந்து பேசும் இடம். அந்தக் காட்சியில் பின்னால் தெரியும் தேவாலயக் கோபுரக் கடிகாரத்தைப் பாருங்கள். இரண்டு பேரும் பேசுவது சில நிமிடங்கள்தான். முட்கள் மணிக்கணக்கில் முன்னும் பின்னும் தாவும். முந்தின ராத்திரி அதைக் கண்டுபிடித்தவள் என் தங்கை மகள்தான். அந்த ஓரிரு நிமிடத்துக்காக எத்தனை முறை வெயிலில் கூட்டத்தை ஒதுக்கி எடுத்திருப்பார்கள் என்று நினைத்ததும் எனக்கு அந்தக் குழுவின் மேல் பெரிய மரியாதை வந்தது. 1952ஆம் வருடக் கோடை அது. செட் போட்டு எடுக்கலாம் என்ற பேச்சை ஏற்காமல், ரோமிலேயே எடுத்தாக வேண்டும் என்று நின்றவர் இயக்குநர் வில்லியம் வைலர்.

இன்று அந்தப் படிகளில் நீங்கள் உட்கார முடியாது. 2019லிருந்து தடை. உட்கார்ந்தால் விசில் ஊதி எழுப்புவார்கள், அபராதமும் உண்டு. தடை சரியானது என்றே எனக்குப் படுகிறது, பழைய கல் அது. ஜெலாட்டோவைக் கீழே படகு வடிவ நீரூற்றுப் பக்கத்தில் நின்று சாப்பிட்டு முடித்துவிட்டு, காலை ஏழு மணி வாக்கில் மேலே ஏறுங்கள். கடை எதுவும் அந்த நேரத்துக்குத் திறந்திருக்காது என்பதால் ஜெலாட்டோ ஒரு நாள், படி ஒரு நாள் என்று வைத்துக்கொள்வது நல்லது. ஏழு மணிக்குப் படிகள் ஏறக்குறைய காலியாக, ஈரமாக இருக்கும்.

அங்கிருந்து சில நிமிட நடையில் மர்குத்தா தெரு. 51ஆம் எண், பெக் நடித்த கதாநாயகன் ஜோவின் அறை இருக்கும் வீடு. சுவரில் கொடி படர்ந்த அமைதியான தெரு. இதே தெருவில் 110ஆம் எண்ணில்தான் இயக்குநர் ஃபெலினி வாழ்ந்தார். 51இன் உள்முற்றமும் படிகளும் படத்தில் வருபவைதான். ஆனால் அது தனியார் கட்டடம். வியாழக்கிழமை கதவு சாத்தியிருந்தது, வெளியே நின்று கதவைப் படம் எடுத்துக்கொண்டு போனோம். வெள்ளிக்கிழமை மணியை அழுத்தாமல் ஓரமாகக் காத்திருந்தோம். இருபது நிமிடத்தில் காய்கறிப் பையோடு ஒரு மூதாட்டி வந்தார். எங்களைப் பார்த்ததுமே விஷயம் புரிந்துவிட்டது போலும், கதவைப் பிடித்துக்கொண்டு தலையால் உள்ளே காட்டினார். ஒரே ஒரு நிமிடம். படியில் கை வைத்துப் பார்த்தேன், நன்றி சொல்லி வெளியே வந்துவிட்டோம். யாரோ குடியிருக்கும் வாசல் இது. திறந்துவிட்டால் பாருங்கள், இல்லாவிட்டால் தெருவைப் பார்த்துவிட்டு வாருங்கள்.

அடுத்தது 'உண்மையின் வாய்'. சாந்தா மரியா இன் கோஸ்மெதின் தேவாலயத்தின் முன்மண்டபத்தில், ஆள் உயரத்துக்கு இருக்கும் வட்டமான பளிங்குக் கல். தாடியும் மீசையுமாக ஒரு முகம், திறந்த வாய். பழங்கால ரோமில் சாக்கடை மூடியாக இருந்திருக்கலாம் என்கிறார்கள். பொய் சொன்னவர்கள் கையை விட்டால் கடித்துவிடும் என்பது கதை. ஜோ கையை உள்ளே விட்டு, வெளியே எடுக்கும்போது கோட்டுக் கைக்குள் மறைத்துக்கொள்வான், ஆன் அலறுவாள். கையை மறைக்கப்போவதை பெக் ஹெப்பர்னிடம் சொல்லவில்லை. அந்த அலறல் நிஜம்.

வரிசை நீளமாக இருக்கும். ஒவ்வொருவருக்கும் கிடைப்பது ஒரு படம் எடுக்கும் நேரம்தான், பின்னால் இருப்பவர்கள் நெருக்குவார்கள். ஆகவே திறப்பதற்கு அரைமணி முன்னதாகப் போய் நில்லுங்கள். போனை உடன் வந்தவரிடம் முதலிலேயே கொடுத்துவிட்டு அந்த முகத்தைக் கிட்டத்தில் பாருங்கள். கீழ் உதடு லட்சக்கணக்கான கைகள் பட்டு வழவழவென்று தேய்ந்திருக்கிறது. கன்னத்தில் மேலிருந்து கீழாக ஒரு விரிசல் ஓடுகிறது. நான் கையை வைத்தபோது கல் சில்லென்று இருந்தது.

அந்த இடத்தில் எனக்கு நினைவு வந்தது டால்டன் ட்ரம்போ. கதையை எழுதியவர் அவர். ஹாலிவுட்டின் கறுப்புப் பட்டியலில் இருந்ததால் பெயர் போட முடியவில்லை; நண்பர் இயன் மெக்லெலன் ஹண்டர் தன் பெயரைக் கொடுத்தார். கதைக்கான ஆஸ்காரும் ஹண்டர் பெயருக்கே போனது. 1993இல், ட்ரம்போ இறந்து பல வருடம் கழித்து, அவர் மனைவியிடம் அந்த விருது தரப்பட்டது. படத்தில் இளவரசி தான் யார் என்பதை மறைக்கிறாள், ஜோ தான் பத்திரிகைக்காரன் என்பதை மறைக்கிறான். பெயரை மறைத்து வாழ வேண்டியிருந்த ஒருவர் எழுதிய கதையில் இந்தக் கல் வந்து நிற்பதை என்னால் சும்மா கடந்துபோக முடியவில்லை.

படம் எடுத்துக்கொண்டவர்கள் அப்படியே வெளியேறிவிடுகிறார்கள். நீங்கள் தேவாலயத்துக்குள் போங்கள். பல நிறக் கற்களைச் சுழல் சுழலாகப் பதித்த பழைய தரை. பக்கவாட்டுப் பீடத்தில் கண்ணாடிப் பேழைக்குள், பூமுடி சூடிய ஒரு மண்டை ஓடு இருக்கிறது. காதலர் தினத்துக்குப் பெயர் கொடுத்த புனித வாலண்டைனுடையது என்று நம்புகிறார்கள். நாங்கள் இருந்த கால்மணி நேரத்தில் அந்தப் பக்கம் வந்தவர்கள் நான்கே பேர்.

மற்ற இடங்களைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ட்ரெவி நீரூற்றுக்குப் பக்கத்தில் ஆன் முடி வெட்டிக்கொள்ளும் கடை இப்போது முடிதிருத்தகம் இல்லை. பாந்தியன் பக்கத்தில் அவர்கள் உட்கார்ந்த கஃபேயும் இல்லை; தேடி நேரத்தைச் செலவழிக்காதீர்கள். ஆன் தூங்கி விழும் செவேரஸ் வளைவுக்கு இரவில் போங்கள். அது நிற்கும் பழைய ரோமன் ஃபோரத்துக்குள் டிக்கெட் எடுத்துத்தான் போக முடியும், ஆனால் கேப்பிடோல் குன்றின் பின்பக்க மேடையிலிருந்து விளக்கு வெளிச்சத்தில் வளைவு முழுசாகத் தெரியும், காசும் வேண்டாம். படகு நடனம் நடந்த இடத்துக்கு சான் ஆஞ்சலோ கோட்டை எதிரே ஆற்றுப் படிகளில் இறங்க வேண்டும். படகு கிடையாது, தண்ணீரும் கோட்டையும் அப்படியே இருக்கின்றன. படத்தில் வருவதுபோல் வெஸ்பா ஸ்கூட்டர் ஓட்டும் ஆசை இருந்தால் சர்வதேச ஓட்டுநர் உரிமத்தை ஊரிலேயே ஆர்.டி.ஓ.வில் வாங்கிக்கொண்டு போங்கள். ஆனால் அந்தக் கருங்கல் பாவிய தெருக்கள் மழையில் வழுக்கும். பழக்கமில்லாதவர்கள் பின்னால் உட்காருவதே நல்லது. தண்ணீர் பாட்டில் வாங்க வேண்டாம். தெருவுக்குத் தெரு இரும்புக் குழாய் ஓடிக்கொண்டிருக்கும். வாயை விரலால் அடைத்தால் மேலே உள்ள சிறு துளை வழியாகத் தண்ணீர் எழும்பும், குனியாமல் குடிக்கலாம்.

சனிக்கிழமை. கொலோன்னாவுக்கு முன்பதிவு செய்து போனோம். மண்டபத்துக்குள் நுழைந்ததும் முதலில் தங்கம்தான் கண்ணை அடிக்கிறது. படம் கறுப்பு வெள்ளை, அதனால் இந்த நிறங்களுக்கு மனசு தயாராக இருக்காது. படிக்கட்டில் ஒரு பீரங்கிக் குண்டு கிடக்கிறது. 1849இல் பிரெஞ்சுப் படை ரோமைத் தாக்கியபோது உள்ளே வந்து விழுந்தது. விழுந்த இடத்திலேயே விட்டுவைத்திருக்கிறார்கள். கூட்டம் பதினொரு மணிக்கு உச்சம். மூடும் நேரத்துக்கு அரைமணி முன்னால் குறைய ஆரம்பிக்கும். அதுவரை மற்ற அறைகளில் இருங்கள். அவரைப் பருப்பு சாப்பிடும் மனிதனை ஓவியர் கராச்சி வரைந்த படம் அங்கேதான் இருக்கிறது, வாய்க்குப் போகும் கரண்டியோடு நம்மை நிமிர்ந்து பார்ப்பான்.

கடைசியில் மண்டபத்தில் காவலரும் நாங்களும் இன்னும் இரண்டு பேரும்தான். எல்லாரும் போன பிறகு ஜோ தனியாக, கைகளைப் பையில் விட்டுக்கொண்டு, அந்த மண்டபம் முழுக்க நடந்து வருவானே, அந்த நடையை நானும் நடந்தேன். பாதியில் ஏதோ குறைந்தது. படத்தில் அவன் காலடிச் சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும். நான் நடைக்கு வசதி என்று போட்டிருந்தது ரப்பர் ஷூ, சத்தமே இல்லை.

"உன் செருப்புல ஹீல் இருக்குல்ல? இந்தக் கோடிலேர்ந்து அந்தக் கோடி வரைக்கும் நடயேன்" என்றேன்.

"வேகமாவா, மெதுவாவா பெரியம்மா?"

"அவன் நடந்த மாதிரி."

நான் கதவருகே சுவரோரமாக நின்று கண்ணை மூடிக்கொண்டேன். அவள் அந்தக் கோடியிலிருந்து நடக்க ஆரம்பித்தாள்.