'ஆஃப்' எங்கே நிற்கும்?

கேள்வி: 'தி ஸ்ட்ரைக் வாஸ் கால்டு பை தி ஃபிஷர்மென் ஆஃப்' என்று எழுதினேன். தவறு என்கிறார் ஆசிரியர். ஏன்?
- பிளஸ் ஒன் மாணவி, மண்டபம்

பதில்: ஆசிரியர் சொன்னதே சரி. 'கால்' என்றால் கூப்பிடுவது. 'கால் ஆஃப்' என்றால் கைவிடுவது. இரண்டும் சேர்ந்துதான் ஒரு வினை. செய்வினையில் 'கால்டு தி ஸ்ட்ரைக் ஆஃப்' என்று நடுவில் பெயர் நுழையலாம். அதுதான் உங்களைக் குழப்பியிருக்கும். செயப்பாட்டு வினையில் அந்தப் பெயர் எழுவாயாகி முன்னே போய்விடுகிறது. எனவே 'தி ஸ்ட்ரைக் வாஸ் கால்டு ஆஃப் பை தி ஃபிஷர்மென்' என்றே எழுத வேண்டும். காலம் காட்டும் மாற்றமெல்லாம் 'வாஸ்' மேல்தான், 'ஆஃப்' அசையாது.

உங்கள் ஊர்ப்பக்கமே இன்னொரு சான்று உண்டு. 1964 டிசம்பர் 22 இரவு வீசிய புயலில் தனுஷ்கோடியின் தண்டவாளம் கடலோடு போனது. 'தி டிராக் வாஸ் வாஷ்டு அவே பை தி சைக்ளோன்' என்பது சரியான வாக்கியம். 'அவே' விடுபட்டால் தண்டவாளத்தை யாரோ கழுவிவிட்டதாகப் பொருள்படும். ஓர் ஊரே அழிந்த துயரம் அந்த ஒரு சொல்லில்தான் இருக்கிறது. தேர்வில் மாணவர்கள் அதிகம் விடுவதும் அதைத்தான்.

ஒரு விலக்கு: புறப்படுவதைக் குறிக்கும் 'செட் அவுட்' போன்றவற்றுக்குச் செயப்படுபொருள் கிடையாது. 'தி போட்ஸ் செட் அவுட்' என்பதைச் செயப்பாட்டில் மாற்றவே முடியாது, முயலவும் வேண்டாம்.

ஆங்கில நாளிதழில் ராமேஸ்வரம் செய்திகளைத் தினமும் வாசியுங்கள். இத்தகைய வாக்கியம் கண்ணில் பட்டால், செய்வினையாக மாற்றி எழுதிப் பாருங்கள்.