மல்பரி இலையில் மறைந்துள்ள சாயம்

அங்கத்தினர் கல்விப் பாடம்

பட்டுக்கூடுகளில் சில வெண்மையாகவும், சில பொன்னிறமாகவும், சில மஞ்சள் கலந்த பசுமையாகவும் இருப்பதை நாம் அறிவோம். இந்நிற வேறுபாடு நூலின் தரத்தைப் பாதிக்குமா என்பது தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கங்களில் மல்பரி பயிரிடுவோருக்கும், ஆரணியில் தறியில் அமர்வோருக்கும் பொதுவான கேள்வி. இதன் விடை மல்பரி இலையிலிருந்தே தொடங்குகிறது.

1. இலையில் நடப்பது

மல்பரி இலையில் பிளேவனாய்டு என்னும் இனத்தைச் சேர்ந்த பொருள்கள் உள்ளன. அவற்றுள் முக்கியமானது குவர்சிட்டின். வெங்காயத் தோலில் இருப்பதும் இதுவே. தனித்த குவர்சிட்டின் தண்ணீரில் எளிதில் கரையாது. ஆகையால் செடி அதனுடன் சர்க்கரையை இணைத்து, கரையும்படி செய்து, உயிரணுவின் நீர்ப்பையில் சேமித்து வைக்கிறது.

இந்த இணைப்பு வேலையைச் செய்வது ஒரு நொதி. யூ.டி.பி. என்னும் மூலக்கூறு சுமந்து வரும் குளுக்கோஸை வாங்கி, பிளேவனாய்டின் குறிப்பிட்ட இடத்தில் அது பொருத்துகிறது. அந்நொதியை அமைக்கும் கட்டளை மரபணுவில் உள்ளது. ஜக்கார்டு அட்டையின் துளைகள் சேலையின் பூவேலையை நிர்ணயிப்பதுபோல, மரபணு நொதியின் அமைப்பை நிர்ணயிக்கிறது. அட்டை பழுதானால் பூ பிசகுமன்றோ?

மக்காச்சோளத்தில் இதை நேரே காணலாம். அதிலுள்ள ‘பிரான்ஸ்’ என்னும் மரபணு இவ்வகை நொதிக்கு உரியது. அது சரியாக இருந்தால் மணிகள் ஊதா நிறம் பெறும். பழுதுபட்டால் வெண்கல நிறமாகிவிடும். இடம் விட்டு இடம் தாவும் மரபணுக்களைக் கண்டறிந்து 1983ல் நோபல் பரிசு பெற்ற பார்பரா மக்லின்டாக் அம்மையார் இந்த மரபணுவையும் ஆராய்ந்தார். ஒரே செடியில் இக்குடும்பத்தைச் சேர்ந்த மரபணுக்கள் நூற்றுக்கும் மேல் இருப்பதுண்டு. மல்பரி இனம் ஒன்றின் முழு மரபணுத் தொகுதி 2013ல் வெளியிடப்பட்டது.

2. புழு செய்வது

மல்பரி இலையில் சர்க்கரை பெரும்பாலும் குவர்சிட்டினின் 3ஆம் இடத்தில் அமர்ந்திருக்கும். பட்டுப்புழு இலையைத் தின்றதும், அதன் குடலில் இச்சர்க்கரை பிரிக்கப்படுகிறது. பின்னர்ப் புழுவின் சொந்த நொதி 5ஆம் இடத்தில் புதிதாகக் குளுக்கோஸைச் சேர்க்கிறது. இந்நொதிக்குரிய மரபணுவை ஜப்பானிய விஞ்ஞானிகள் 2010ல் கண்டறிந்தனர். பச்சைக் கூடுகளின் நிறம் இதனால் உண்டாவதே. இப்பொருள் சூரியனின் புற ஊதாக் கதிர்களைத் தடுத்து, கூட்டினுள் உறங்கும் உயிரைக் காக்கிறது. பொன்னிறக் கூடுகளின் கதை வேறு. அவற்றிற்கு நிறம் தருவது இலையிலுள்ள கரோட்டினாய்டுகள்.

ஆகவே, கூட்டின் நிறத்திற்கு இலை மூலப்பொருளைத் தருகிறது. அதை ஏற்பதா விடுப்பதா என்பதைப் புழுவின் இனம் தீர்மானிக்கிறது. ஒரே தோட்டத்து இலையைத் தின்று ஓர் இனம் வெள்ளைக் கூடும், வேறோர் இனம் நிறக்கூடும் கட்டுவது இதனாலேயாம்.

3. நெசவாளர் அறிய வேண்டியது

கூட்டின் நிறம் பெரும்பாலும் செரிசின் என்னும் மேற்பசையிலேயே தங்குகிறது. கச்சாப் பட்டின் எடையில் ஏறக்குறைய கால் பங்கு இப்பசைதான். சோப்பும் சோடாவும் இட்டுப் பட்டைக் காய்ச்சும்போது பசையோடு நிறமும் நீங்கிவிடும். 1 கிலோ நூல் சுமார் 750 கிராமாகக் குறையும். நூலை நிறுத்துக் கொடுத்துச் சேலையை நிறுத்து வாங்கும் இடங்களில் இக்கழிவை இருதரப்பும் முன்னரே ஒப்புக்கொண்டு கணக்கில் எழுதுதல் வேண்டும். இன்றேல் குற்றமற்ற நெசவாளர்மீது வீண் பழி விழும்.

காய்ச்சுதல் அரைகுறையானால் சாயம் திட்டுத்திட்டாக ஏறும். எஞ்சிய மஞ்சளின்மேல் வெளிர்நீலம் ஏற்றினால் பசுமை தட்டும். ஒரு பாவு முழுதும் வீணாகும்.

இயற்கைச் சாயம் இடுவோருக்கும் இப்பாடம் உதவும். படிகாரம் குவர்சிட்டினைப் பற்றும் இடங்களுள் ஒன்று 3ஆம் இடத்தை அடுத்துள்ளது. அங்கே சர்க்கரை இருப்பின் பிடிப்பு தடைப்படும். வெங்காயத்தின் காய்ந்த மேல்தோலில் சர்க்கரை நீங்கிய குவர்சிட்டினே மிகுதி. உள்ளிதழ்களில் சர்க்கரையோடு கூடியதே மிகுதி. சாயத்திற்கு மேல்தோலையே தேர்ந்தெடுப்பதில் தக்க காரணம் உண்டு என்பது இதனால் விளங்கும்.

சங்கக் கூட்டத்தில் விவாதிக்க:

1. நிறக்கூட்டை நிறத்திற்காக மட்டும் தள்ளுபடி செய்வது நியாயமா? நூலின் நீளம், உறுதி, பசைக்கழிவு ஆகியவற்றைப் பார்த்து விலை கூறலாகாதா?

2. நம் சங்கத்தில் காய்ச்சுவதற்கு முன்னும் பின்னும் நூலை நிறுத்து எழுதும் பதிவேடு உண்டா? இல்லையெனில் அதை யார், எப்போது தொடங்குவது?