கெட்டது போர்டா, கிணற்று நீரா?

நீராவியைப் பீய்ச்சித் தரையையும் அடுப்பு மேடையையும் துப்புரவு செய்யும் சிறு மின்கருவிகள் இன்று பல வீடுகளில் புழங்குகின்றன. அத்தகைய கருவி ஒன்று அருப்புக்கோட்டையில் ஒரு வீட்டில் இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஒரு நாள் அது சட்டென்று நின்றுவிடுகின்றது. விளக்கு எரிகின்றது, ஆவி மட்டும் வருவதில்லை. "போர்டு போய்விட்டது, மாற்ற வேண்டும்" என்கிறார் பழுது பார்ப்பவர். புதிய போர்டு பொருத்தியதும் கருவி வேலை செய்கின்றது. ஆனால் சில காலத்தில் மீண்டும் அதே கோளாறு!

பழுது ஒன்று, பழுதின் காரணம் மற்றொன்று. இரண்டையும் பிரித்துப் பார்க்கக் கற்பதே அறிவியல் முறை. இந்தக் கட்டுரையில் கட்டுப்பாட்டுப் பலகை என்னும் அந்தப் போர்டு என்ன செய்கின்றது, ஏன் கெடுகின்றது, அதை எப்படி மாற்றுகிறார்கள் என்பதைக் காண்போம். நம் ஊர் மண்ணுக்கும் இதில் ஒரு பங்கு உண்டு என்பதை முடிவில் அறிவீர்கள்.

நீராவியின் ஆற்றல்

ஒரு கிலோகிராம் நீரை 30 டிகிரியிலிருந்து 100 டிகிரி செல்சியசுக்குச் சூடாக்க ஏறத்தாழ 294 கிலோஜூல் வெப்பம் போதும். ஆனால் 100 டிகிரியில் உள்ள அதே நீர் முழுவதையும் ஆவியாக்க 2260 கிலோஜூல் வேண்டும். இதுவே உள்ளுறை வெப்பம். ஆவி குளிர்ந்த தரையைத் தொட்டு நீராக மாறும்போது இந்த வெப்பம் முழுவதையும் அங்கேயே கொட்டிவிடுகின்றது. எண்ணெய்ப் பிசுக்கு இளகுவது இதனால்தான். கொதிநீர் பட்ட புண்ணைவிட ஆவி பட்ட புண் கொடியதாக இருப்பதற்கும் காரணம் இதுவே.

மூடிய கொதிகலத்தில் நீரின் கொதிநிலை உயர்கின்றது. வெளிக்காற்றைவிட 3 பார் கூடுதல் அழுத்தத்தில் நீர் ஏறத்தாழ 144 டிகிரியில் கொதிக்கும். 1679-ஆம் ஆண்டிலேயே டெனி பாப்பன் என்னும் பிரெஞ்சு அறிஞர் இத்தகைய மூடிய கலத்தைச் செய்து காட்டினார். அழுத்தம் மிகுந்தால் தானே திறந்துகொள்ளும் பாதுகாப்பு வால்வையும் அதற்கு அமைத்தார். நம் வீட்டுப் பிரஷர் குக்கரும் நீராவிக் கருவியும் அந்தக் கலத்தின் பேரப்பிள்ளைகள்.

போர்டு என்ன செய்கின்றது?

கருவியின் வெப்பச் சுருள் 1500 வாட் திறனுடையது என்று கொள்வோம். 230 வோல்ட்டில் அது இழுக்கும் மின்னோட்டம் 1500 / 230, அதாவது ஏறத்தாழ 6.5 ஆம்பியர். சுருளின் மின்தடை 35 ஓம். இவ்வளவு பெரிய மின்னோட்டத்தை வேண்டியபோது விடுவதும் வேண்டாதபோது நிறுத்துவதுமே போர்டின் தலையாய வேலை. அதற்கு நான்கு உறுப்புகள் துணை நிற்கின்றன.

முதலாவது, தெர்மிஸ்டர். இது கொதிகலத்தின் வெளிச்சுவரில் ஒட்டிக்கொண்டிருக்கும் வெப்ப உணரி. உலோகம் சூடேறினால் அதன் மின்தடை கூடும், இதிலோ குறையும். பரவலாகப் பயன்படும் ஒரு வகைத் தெர்மிஸ்டருக்கு 25 டிகிரியில் ஒரு லட்சம் ஓம் தடை இருந்தால், 100 டிகிரியில் அது ஏறத்தாழ 7000 ஓம் ஆகிவிடும். சில பொருள்களுக்கு இப்படி ஒரு குணம் உண்டு என்பதை 1833-இல் வெள்ளி சல்பைடில் கண்டறிந்தவர் மைக்கேல் ஃபாரடே.

இரண்டாவது, நுண்கட்டுப்படுத்தி என்னும் சில்லு. தெர்மிஸ்டரின் தடையைப் பார்த்து, 'சூடு போதும்' அல்லது 'போதாது' என்று முடிவு செய்வது இதுதான்.

மூன்றாவது, ரிலே. இது மின்காந்தத்தால் இயங்கும் சுவிட்ச். சில்லு தரும் சிறு மின்னோட்டத்தைக் கொண்டு 6.5 ஆம்பியர் மின்னோட்டத்தை இது திறக்கவும் மூடவும் செய்கின்றது. கருவி ஓடும்போது 'டிக்' என்று கேட்பது இதன் குரலே.

நான்காவது, சில்லுக்கும் ரிலேவுக்கும் குறைந்த மின்னழுத்தம் தரும் பகுதி. மலிவான கருவிகளில் இதற்கு மின்மாற்றி வைப்பதில்லை. ஒரு மின்தேக்கியைத் தொடராக இணைத்தே மின்னோட்டத்தைக் குறைத்துக்கொள்கிறார்கள். 0.47 மைக்ரோஃபாரட் மின்தேக்கி, 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் 6770 ஓம் போன்று செயல்படும். எனவே 34 மில்லிஆம்பியர் மட்டுமே உள்ளே வரும். மின்தேக்கி முதுமையடைந்து அதன் திறன் பாதியானால் மின்னோட்டமும் பாதியாகும். அப்போது விளக்கு எரியும். ஆனால் ரிலேவை இழுக்க வலு இருக்காது.

இங்கே ஓர் எச்சரிக்கை. இவ்வகைப் போர்டுக்கும் வீட்டு மின்கம்பிக்கும் இடையே எந்தத் தடுப்பும் இல்லை. 'போர்டில் 5 வோல்ட்தானே' என்று எண்ணித் தொட்டால் 230 வோல்ட் தாக்கும்.

சங்கிலித் தொடர்

இனி நம் ஊர்ப் பக்கம் வருவோம். அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரத்தில் பல இடங்களில் கரிசல் மண். மண்ணைத் தோண்டினால் சுக்காங்கல் கிடைக்கும். அது சுண்ணாம்பு உருண்டை. பந்தல்குடிப் பக்கம் சிமெண்டுக்காகவே சுண்ணாம்புக்கல்லை வெட்டி எடுக்கிறார்கள். மழைநீர் காற்றிலும் மண்ணிலும் உள்ள கார்பன் டை ஆக்சைடைக் கரைத்துக்கொண்டு இந்தச் சுண்ணாம்பின் ஊடே இறங்கும்போது, சுண்ணாம்பு கால்சியம் பைகார்பனேட்டாகக் கரைந்து கிணற்றை அடைகின்றது. சோப்பு நுரைக்காத, பருப்பு வேகாத கடினநீர் இப்படித்தான் உண்டாகின்றது.

கடினநீரைக் கொதிக்கவைத்தால் என்ன ஆகும்? கால்சியம் பைகார்பனேட் சிதைந்து, கால்சியம் கார்பனேட், கார்பன் டை ஆக்சைடு, நீர் என மூன்றாகப் பிரியும். கால்சியம் கார்பனேட் கரையாது. பாத்திரத்தின் உட்சுவரில் வெள்ளைப் படிவாக ஒட்டிக்கொள்ளும். ஒரு லிட்டர் நீரில் இவ்வாறு படியக்கூடியது 500 மில்லிகிராம் என்றால், நாள்தோறும் ஒரு லிட்டர் ஆவியாக்கும் கருவியில் நூறு நாளில் 50 கிராம் படிவு சேரும். ஆவி வெளியேறுகின்றது, உப்பு வெளியேறுவதில்லை!

இந்தப் படிவு வெப்பத்தை அரிதிலேயே கடத்தும். அலுமினியம் கடத்துவதில் நூற்றில் ஒரு பங்குகூட இது கடத்தாது. விளைவு என்ன? சுவர் சூடேறும், உள்ளிருக்கும் நீர் சூடேறாது. தெர்மிஸ்டரோ சுவரின் வெளியே இருக்கின்றது. அது சுவரின் சூட்டை நீரின் சூடு என்று எண்ணி, 'போதும்' என்று சில்லுக்குச் சொல்லிவிடும். ரிலே திறக்கும். சுவர் விரைவில் குளிரும். மீண்டும் ரிலே மூடும். இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை நடக்கவேண்டிய செயல், 20 விநாடிக்கு ஒருமுறை நடப்பதாக வைத்துக்கொள்வோம்.

இதை ஒரு கணக்கால் விளங்கிக்கொள்வோம். நாள்தோறும் அரை மணி நேரம் ஓடும் கருவியில், நல்ல நிலையில் ரிலே 15 முறை மூடும். படிவு சேர்ந்த நிலையில் 90 முறை. முழுச் சுமையில் ஒரு லட்சம் முறை உழைக்கக்கூடிய ரிலே, முதல் நிலையில் 18 ஆண்டு தாங்கும். இரண்டாம் நிலையில் 3 ஆண்டுதான்.

ஒவ்வொரு முறை திறக்கும்போதும் ரிலேயின் தொடுமுனைகளுக்கிடையே ஒரு பொறி பறக்கின்றது. முனைகள் கருகிக் குழி விழுகின்றன. ரிலே சூடேறி ஆறி, சூடேறி ஆறி, அதன் கால்களைப் பிடித்திருக்கும் ஈயப் பற்றும் விரிந்து சுருங்கி, வட்டமாக வெடிப்பு விடுகின்றது. வெடித்த இடத்தில் 0.1 ஓம் தடை தோன்றினால் போதும். ஜூல் விதிப்படி 6.5 × 6.5 × 0.1, அதாவது 4 வாட்டுக்கு மேற்பட்ட வெப்பம் ஒரு மிளகளவு ஈயத்தில் உண்டாகும். ஈயம் இளகும், பலகை கருகும், போர்டு சாகும்.

கிணற்று நீரில் தொடங்கிய சங்கிலி போர்டில் வந்து முடிந்ததைக் கண்டீர்களா? படிவை நீக்காமல் போர்டை மட்டும் மாற்றினால், புதிய போர்டும் அதே சங்கிலியில் மாட்டிக்கொள்ளும்.

போர்டை மாற்றும் முறை

மாணவர்களே, இந்தப் பணியை நீங்கள் தனியே செய்யக்கூடாது. பயிற்சி பெற்றவர் செய்யட்டும். நீங்கள் அருகில் நின்று ஒவ்வொரு படியிலும் 'ஏன்?' என்று கேளுங்கள்.

1. பிளக்கைப் பிடுங்கவேண்டும். சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது. கருவி முழுவதும் ஆறி, அழுத்தம் வடிந்த பின்னரே நீர் மூடியைத் திறக்கவேண்டும். மின்தேக்கியில் தங்கிய மின்னேற்றம் இறங்கவும் சில நிமிடம் காத்திருக்கவேண்டும்.

2. உறையைக் கழற்றியதும், எந்தக் கம்பி எந்த முனையில் உள்ளது என்பதைப் படம் எடுத்துக்கொள்ளவேண்டும். நிறத்தை மட்டும் நம்பக்கூடாது.

3. போர்டைக் குறை சொல்லுமுன் மற்ற உறுப்புகளை மல்ட்டிமீட்டரால் சோதிக்கவேண்டும். 1500 வாட் சுருள் 35 ஓம் அளவில் காட்டவேண்டும். சுருளுக்கும் உலோக உடலுக்கும் இடையே தொடர்பு இருக்கவே கூடாது. தெர்மிஸ்டரின் தடை, கையால் பிடித்துச் சூடேற்றினால் குறையவேண்டும். வெப்ப உருகியின் தடை ஏறத்தாழச் சுழியாக இருக்கவேண்டும். இவை அனைத்தும் சரியாக இருந்தால்தான் ஐயம் போர்டின்மேல் விழும்.

4. போர்டைக் கண்ணாலும் பார்க்கவேண்டும். கருகிய இடம், புடைத்த மின்தேக்கி, ரிலேயின் காலைச் சுற்றி மெல்லிய வட்ட வெடிப்பு ஆகியவை தடயங்கள். வெடிப்பு மட்டும்தான் என்றால் புதிதாக ஈயம் வைத்தாலே போதும். புதுப் போர்டு வேண்டியதில்லை.

5. மாற்றத்தான் வேண்டுமென்றால், பழைய போர்டில் அச்சிட்ட எண்ணும் புதியதன் எண்ணும் ஒன்றாக இருக்கவேண்டும். பார்வைக்கு ஒன்றுபோல் இருப்பது போதாது. தெர்மிஸ்டர் வகை மாறினால் சில்லு தவறான சூட்டைக் கணக்கிடும்.

6. கம்பி முனைகள் இறுக்கமாகப் பொருந்தவேண்டும். தளர்ந்த முனையும் 0.1 ஓம் தடைதான்! எர்த் கம்பியை மறவாமல் பூட்டவேண்டும். ஆவிக்குழாயின் வாஷர் கசிந்தால் அதையும் மாற்றவேண்டும். கசியும் ஈரம் போர்டில் பட்டால் செம்புத் தடங்கள் அரித்துப் போகும்.

7. உறையை மூடிய பிறகு, மின்கசிவைக் கண்டு அணைக்கும் 30 மில்லிஆம்பியர் பாதுகாப்புச் சுவிட்ச் உள்ள இணைப்பில் ஓட்டிப் பார்க்கவேண்டும்.

ஒன்றை மட்டும் எந்நாளும் செய்யக்கூடாது. வெப்ப உருகி அறுந்திருந்தால், அதைக் கம்பியால் இணைத்துக் கருவியை ஓட்டக்கூடாது. ரிலேயின் முனைகள் ஒட்டிக்கொண்டால் சுருளை நிறுத்த வேறு யாரும் இல்லை; அப்போது குடும்பத்தைக் காப்பது அந்த உருகியும் பாப்பன் தந்த வால்வும்தான்.

காரணத்தை நீக்குவோம்

படிவு நீக்க எலுமிச்சை உப்பு என்னும் சிட்ரிக் அமிலம் உதவும். ஆறிய கொதிகலத்தில் கருவியின் கையேடு கூறும் அளவில் கரைசலை ஊற்றி, கூறும் நேரம் மட்டும் வைத்திருந்து, பலமுறை அலசவேண்டும். அளவுக்கு மிஞ்சினால் அமிலம் அலுமினியத்தையே தின்னும்.

இதைவிட நல்லது, கடினமில்லாத நீரை ஊற்றுவது. நம் வறண்ட சீமையில் பெரியோர் ஊருணி வெட்டி மழைநீரைத் தேக்கினார்கள். குடிக்கவும் சமைக்கவும் அதையே எடுத்தார்கள். ஊருணி நீர் சுண்ணாம்பின் ஊடே நெடுவழி வந்ததன்று, ஆகையால் மென்மையானது. கூரையில் பிடித்து வடிகட்டிய மழைநீரும் அப்படியே. கையேடு இசைந்தால் அதைப் பயன்படுத்தலாம்.

கழற்றிய போர்டைக் குப்பையில் எறியவோ எரிக்கவோ வேண்டாம். மின்னணுக் கழிவு மேலாண்மை விதிகள், 2022 என்னும் மைய அரசின் விதிகள் 1-4-2023 முதல் நடைமுறைக்கு வந்துள்ளன. அதன்படி இத்தகைய பொருள்கள் பதிவு பெற்ற மறுசுழற்சியாளரிடம் சேரவேண்டும்.

செய்து பாருங்கள்

இரண்டு எவர்சில்வர் தட்டுகளில் ஒன்றில் கிணற்று நீரும் மற்றொன்றில் மழைநீரும் சம அளவு ஊற்றி வெயிலில் காயவிடுங்கள். எந்தத் தட்டில் வெள்ளைப் படிவு தங்குகின்றது? அதன்மேல் சில துளி எலுமிச்சைச் சாறு விடுங்கள். குமிழிகள் எழுந்தால் அவை என்ன வாயு?

விடை காணுங்கள்

1. 230 வோல்ட்டில் இயங்கும் 2000 வாட் சுருளின் மின்னோட்டம் என்ன? மின்தடை என்ன?

2. லிட்டருக்கு 400 மில்லிகிராம் படிவு தரும் நீரை நாளுக்கு ஒரு லிட்டர் வீதம் ஆவியாக்கினால் 30 நாளில் எத்தனை கிராம் சேரும்?

3. தெர்மிஸ்டரின் கம்பி அறுந்துவிட்டால் அதன் தடை முடிவிலி. சில்லு அதைச் சூடு என்று எண்ணுமா, குளிர் என்று எண்ணுமா? அதனால் வரும் ஆபத்து என்ன?

(விடைகள்: 1. 8.7 ஆம்பியர், 26.45 ஓம். 2. 12 கிராம். 3. கடுங்குளிர் என்று எண்ணும். சுருளை நிறுத்தாமல் ஓடவிடக்கூடும். அதனால்தான் நல்ல போர்டுகளில், தடை அளவுமீறிக் கூடினால் கருவியையே நிறுத்திவிடும் ஏற்பாடு உண்டு.)