குபர்னெட்டீஸ் கிளஸ்டரில் உரிமை வழங்கும் முறை

கிரேக்க மொழியிலே, கப்பலின் சுக்கானைப் பற்றி அதனைச் செலுத்துவோனுக்குக் குபர்னெட்டீஸ் என்பது பெயர். தமிழர் அவனை மீகாமன் என்றனர். 2014-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் கூகிள் நிறுவனத்தார் வெளியிட்டு, 2015-ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் முதற்பதிப்பாக நிறைவெய்திய ஒரு மென்பொருள் இப்பெயர் தாங்கி இன்று உலகெங்கும் வழங்குகின்றது. பெயர் பொருத்தமுடையதே. செயலி ஒன்றையும் அஃது இயங்குதற்கு வேண்டிய துணைக்கோப்புகளையும் ஒருங்கே கட்டிய பொதியைக் கன்டெய்னர் என்கின்றனர். பல கணிப்பொறிகள் ஒன்றாய் இணைந்த தொகுதி கிளஸ்டர் எனப்படும். எப்பொதியை எக்கணிப்பொறியில் ஏற்றுவது, வீழ்ந்ததை மீண்டும் எழுப்புவது எங்ஙனம், கூட்டம் மிகும்போது எத்துணைப் பொதிகளை இயக்குவது என்பனவற்றை எல்லாம் இம்மீகாமனே நடத்துகின்றான். அவனது திறமையைப் புகழ்வார் பலர். ஈண்டு நாம் ஆராயப் புகுவது, அவனுக்கு உத்தரவு இடுதற்கு உரியார் யாவர் என்னும் வினா ஒன்றனையே.

இவ்வினா வெறும் கலைநுணுக்கம் பற்றியதன்று. ஒரு கல்லூரியில் தேர்வு மதிப்பெண்களைக் காக்கும் செயலியும், நூலகப் புத்தகங்களின் வரவு செலவைக் குறிக்கும் செயலியும் ஒரே கிளஸ்டரில் இயங்குகின்றன என்று வைத்துக்கொள்வோம். நூலகச் செயலியில் ஏதோ ஓர் ஓட்டை இருந்து, அதன் வழியே கள்வன் ஒருவன் உட்புகுந்தான். அச்செயலியின் கையில் நூலக அறையின் திறவுகோல் மட்டும் இருந்ததாயின், அவன் புத்தகக் கணக்கைக் குலைப்பதோடு நின்றுவிடுவான். கிளஸ்டர் முழுமைக்குமான திறவுகோல் இருந்ததாயின், மாணவர் பலரது மூன்றாண்டு உழைப்பின் பயனை ஓர் இரவில் மாற்றி எழுதிவிடுவான். புத்தகத்தைத் தேடிக் கொடுக்கும் செயலிக்குத் தேர்வறையின் திறவுகோலைக் கொடுத்தவர் யார் என்று அதன் பின்னர்த்தான் விசாரணை தொடங்கும்.

கிளஸ்டருக்குள் நிகழும் ஒவ்வொரு செயலுக்கும் ஏபிஐ சர்வர் என்னும் ஒரே தலைவாயில் உண்டு. மனிதர் தட்டச்சிடும் கட்டளையும், செயலி அனுப்பும் வேண்டுகோளும், கிளஸ்டரின் உறுப்புக்கள் தம்முள் பேசிக்கொள்வனவும் இவ்வாயில் வழியே செல்லற்பாலன. வாயிலோன் முதற்கண், 'நீ யார்?' என்று கேட்கின்றான். விடை கிடைத்தபின், 'இதனைச் செய்ய உனக்கு உரிமை உண்டோ?' என்று கேட்கின்றான். படைத்தல், மாற்றுதல், அழித்தல் ஆகியவற்றின் பொருட்டு வந்தோரிடம், 'உரிமை உண்டாயினும், நீ கொணர்ந்த பொருள் இவ்விடத்து விதிகளுக்கு ஒத்ததோ?' என்று மூன்றாவதாகவும் சோதிக்கின்றான். வெறுமனே பார்த்துப் போக வந்தோர்க்கு இம்மூன்றாஞ் சோதனை இல்லை.

முதல் வினாவில் ஒரு வியப்பு உண்டு. இத்துணைப் பொருள்களுக்குப் பதிவேடு வைத்திருக்கும் குபர்னெட்டீஸ், மனிதர்க்கு மட்டும் பதிவேடு வைக்கவில்லை! பயனர் என்றொரு பொருளைக் கிளஸ்டருக்குள் படைத்தல் இயலாது. மனிதர் இன்னார் என்பதை வெளியிலிருந்து வரும் சான்றே காட்டுதல் வேண்டும். அச்சான்று கிளஸ்டர் நம்பும் அதிகாரி கையொப்பமிட்ட சான்றிதழாக இருக்கலாம். அங்ஙனமாயின், அதன்கண் பொதுப்பெயர் என்று எழுதியிருப்பதே பயனரின் பெயராகவும், நிறுவனம் என்று எழுதியிருப்பதே அவர் சார்ந்த குழுவாகவும் கொள்ளப்படும். அன்றி, ஓஐடிசி என்னும் முறைப்படி, அலுவலகத்தின் பொதுவான உள்நுழைவு நிலையம் வழங்கும் டோக்கனாகவும் இருக்கலாம். கடவுச்சொற்களைக் கோப்பொன்றில் எழுதி வைக்கும் பழைய முறை 2020-ஆம் ஆண்டில் வந்த 1.19 பதிப்போடு நீக்கப்பட்டது; அது போனது நன்றே.

செயலிகளுக்கோ பதிவேடு உண்டு. சர்வீஸ் அக்கவுண்ட் என்பது அதன் பெயர். கிளஸ்டரை நேம்ஸ்பேஸ் எனப்படும் அறைகளாகப் பகுப்பர். சர்வீஸ் அக்கவுண்ட் ஏதேனும் ஓர் அறைக்கு உரியதாகவே பிறக்கும். அறையைக் கட்டிய அளவிலே 'டிஃபால்ட்' என்னும் பெயருடைய அக்கவுண்ட் ஒன்று தானே தோன்றிவிடும். தனக்கென ஒன்றைக் குறித்துச் சொல்லாத செயலிகள் எல்லாம் அதன் பெயராலேயே நடமாடும். ஆதலின், ஒரு செயலியின் தேவைக்காக இந்த டிஃபால்ட் அக்கவுண்டுக்கு உரிமை கொடுப்போர், அவ்வறையில் இன்றுள்ள செயலிகளுக்கும் நாளை வரப்போகும் செயலிகளுக்கும் சேர்த்தே கொடுத்தவராகின்றனர். செயலிக்கு ஓர் அக்கவுண்ட் என்று தனித்தனியே படைத்தலே முறை. ஏபிஐ சர்வரோடு பேச வேண்டிய தேவையே இல்லாத செயலிகள் பல. நம் நூலகச் செயலியும் அத்தகையதே. அவற்றிற்கு டோக்கன் கொடாதிருக்குமாறு ஒரு வரியில் குறிக்கலாம். கையில் இல்லாத திறவுகோலைக் கள்வன் பறித்தல் யாங்ஙனம்?

டோக்கனின் வரலாறும் அறியத்தக்கது. முன்னாளில் ஒவ்வொரு சர்வீஸ் அக்கவுண்டுக்கும் காலவரையறை அற்ற டோக்கன் ஒன்று தானே பிறந்து, சீக்ரெட் என்னும் மறைபொருளாகக் கிளஸ்டரிலே கிடந்தது. ஒரு முறை களவு போனால் அந்த சீக்ரெட்டையோ அக்கவுண்டையோ அழிக்குங்காறும் அது கள்வனுக்குப் பயன்படும். 2022-ஆம் ஆண்டில் வந்த 1.24 பதிப்பு முதல் இங்ஙனம் தானே பிறப்பது நின்றது. இப்போது வழங்குவது தவணையுடைய டோக்கன்; அது செயலி இயங்கும் போட் ஒன்றனோடு பிணைக்கப்பட்டு, அந்தப் போட் மறைந்தவுடன் செல்லாததாகிவிடும். 10 நிமிடத்திற்குக் குறைந்த தவணை கேட்டல் மட்டும் இயலாது.

இனி இரண்டாம் வினாவிற்கு வருவாம். குபர்னெட்டீஸின் தொடக்கக் காலத்தில் உரிமைகளை ஒரு கோப்பில் எழுதி வைத்தனர். அதில் ஒரு வரியை மாற்றினாலும் ஏபிஐ சர்வரை நிறுத்தி மீண்டும் இயக்க வேண்டியிருந்தது. அதனினும் சிறந்த முறை 2017-ஆம் ஆண்டில் 1.8 பதிப்பில் நிலைபெற்றது. இதன் வேர் இன்னும் பழைமையானது. அமெரிக்க நாட்டு நிஸ்ட் நிறுவனத்தைச் சார்ந்த டேவிட் ஃபெராயோலோ, ரிச்சர்டு கூன் என்னும் இருவர் 1992-ஆம் ஆண்டிலேயே இக்கருத்தை வரையறுத்து எழுதினர். நாடகத்திலே அரச வேடம் பூண்டவன் அரியணையில் அமர்வான்; வேடத்தைக் களைந்தால் அவ்வுரிமை அவனை விட்டு நீங்கும். அதுபோல், உரிமையை ஆளுக்குக் கொடாமல் அவர் ஏற்கும் பொறுப்புக்குக் கொடுத்தல் வேண்டும் என்பதே அக்கருத்து.

குபர்னெட்டீஸில் அவ்வேடம் ரோல் எனப்படும். 'இன்ன வகைப் பொருளின்மேல் இன்ன வினை செய்யலாம்' என்பதே ரோலில் எழுதப்படுவது. காணல், பட்டியலிடல், தொடர்ந்து கவனித்தல், படைத்தல், திருத்தல், அழித்தல் என வினைகள் பல. ரோலை எழுதியமட்டில் யார்க்கும் ஒன்றும் கிடைப்பதில்லை. அதனை ஒருவரோடு பிணைக்கும் ரோல்பைண்டிங் என்னும் வேறோர் ஏடு வேண்டும். ரோல் ஓர் அறைக்குள் அடங்குவது. கிளஸ்டர் முழுமைக்கும் எழுதப்படுவது கிளஸ்டர்ரோல். மாணாக்கர் பெரும்பாலும் இடறுவது இவ்விடத்திலேதான். கிளஸ்டர்ரோலை ரோல்பைண்டிங்கால் பிணைத்தால், அவ்வுரிமை அந்த ஓர் அறைக்குள்ளேயே செல்லும். கிளஸ்டர்ரோல்பைண்டிங்கால் பிணைத்தால் எல்லா அறைகளிலும் செல்லும். உரிமையின் எல்லையைத் தீர்மானிப்பது பைண்டிங்கே என்று நினைவிற் கொண்டால் மயக்கம் தீரும். பார்வையாளர்க்கென எழுதிய ஒரே கிளஸ்டர்ரோலைத் தேர்வு அறையில் ஒருவர்க்கும் நூலக அறையில் மற்றொருவர்க்கும் பிணைத்துக்கொள்ளலாம். இருமுறை எழுத வேண்டுவதில்லை.

இம்முறையில் 'கூடாது' என்னும் சொல்லே இல்லை. எல்லாம் தொடக்கத்தில் மறுக்கப்பட்டே இருக்கும்; கொடுத்தவை ஒன்றோடொன்று கூடும்; எதுவும் கழியாது. நூலகப் பணியாளர் ஒருவர்க்கு ஓரிடத்தில் குறைந்த உரிமை கொடுத்து, வேறோர் ஏட்டின்வழி அவர் குழுவிற்கு மிகுந்த உரிமை கொடுத்திருந்தால், மிகுந்ததே அவர்க்குக் கிடைக்கும். ஆகவே ஒருவரது உரிமையை அறிய ஒரே ஏட்டைப் பார்த்தால் போதாது.

சில உரிமைகள் பார்வைக்குச் சிறியனவாய் உள்ளே பெரியனவாய் இருத்தலை யாம் வற்புறுத்திக் கூற விரும்புகின்றோம். சீக்ரெட்டுகளைப் பட்டியலிடும் உரிமை பெயர்களை மட்டும் காட்டுவதன்று. அப்பட்டியலில் அவற்றின் உள்ளீடும் சேர்ந்தே வரும். அவ்வுள்ளீடு பேஸ்64 என்னும் வடிவில் இருப்பதைப் பூட்டு என்று கருதுவாரும் உளர். அஃது எழுத்துமாற்றமே அன்றிப் பூட்டு அன்று. இனி, ஓர் அறையில் போட் படைக்கும் உரிமை உடையோன், அவ்வறையிலுள்ள எந்த சீக்ரெட்டையும் தன் போட்டினுள் கொணர்ந்து படிக்கலாம். அவ்வறையின் எந்த சர்வீஸ் அக்கவுண்டின் பெயராலும் அதனை இயக்கலாம். குபர்னெட்டீஸோடு வரும் 'வியூ' என்னும் ஆயத்த ரோல் சீக்ரெட்டுகளைக் காட்டாது மறைப்பதும், 'எடிட்' என்னும் ரோல் அவற்றைத் திறந்து வைப்பதும் இது பற்றியே. எப்பொருளின்மேலும் எவ்வினையும் என்று உடுக்குறி ஒன்றை இட்டுவிடுதல் எளிது. பணியாளர் அவசரத்தில் செய்வதும் அதுவே. ஆனால் உடுக்குறி, இன்னும் பிறவாத பொருள்களுக்கும் உரிமை கொடுப்பது.

தன்னிடம் இல்லாத உரிமையைப் பிறர்க்கு எழுதிக் கொடுக்க ஒருவனை ஏபிஐ சர்வர் விடுவதில்லை. நல்ல காப்பே, எனினும் 'எஸ்கலேட்', 'பைண்ட்' என்னும் இரு வினைகளைப் பெற்றவன் அக்காப்பைக் கடந்து செல்வான். பிறர் பெயரில் நடிக்க இடந்தரும் 'இம்பர்சனேட்' என்பதும் அவற்றிற்கு இளைத்ததன்று.

வாயிலையே திறந்து போட்டால் நேர்வது யாது என்பதற்கு மெய்யான சான்று ஒன்று உண்டு. 2018-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதத்தில் ரெட்லாக் என்னும் பாதுகாப்பு நிறுவனத்தார், டெஸ்லா நிறுவனத்தின் குபர்னெட்டீஸ் மேலாண்மைப் பலகை கடவுச்சொல் இன்றி இணையத்திலே திறந்து கிடந்ததைக் கண்டு வெளியிட்டனர். அவர்க்கு முன்னரே கள்வர் அதனுள் புகுந்திருந்தனர். ஒரு போட்டினுள்ளே அமேசான் மேகக் கணக்கின் திறவுகோல் கிடந்தது. அதனால் வாகனங்களின் அளவீடுகள் அடங்கிய சேமிப்பும் வெளிப்பட்டது. வந்தவர் பிறர் செலவில் மறைநாணயம் தோண்டும் வேலையிலும் ஈடுபட்டு, தம் நடமாட்டம் தெரியாதிருக்கும் பொருட்டு கணிப்பொறியின் உழைப்பை மிகாமல் அடக்கியே வைத்திருந்தனர். பலகையைப் பூட்டியிருப்பின் அவர்க்கு அவ்வழி அடைபட்டிருக்கும். போட்டினுள் அத்திறவுகோல் இல்லாதிருப்பின், புகுந்த பின்னரும் சேமிப்பைத் தீண்டியிருத்தல் அரிது.

கொடுத்த உரிமையைச் சோதித்துப் பார்க்க 'ஆத் கேன்-ஐ' என்னும் கட்டளை உண்டு. நூலகச் செயலியின் பெயரால், தேர்வு அறையின் சீக்ரெட்டுகளைக் காண இயலுமோ என்று அதனிடம் கேட்டால், ஆம் அல்லது இல்லை என்று உடனே விடை வரும். ரோல்களைப் படித்துப் படித்து ஊகிப்பதினும் இங்ஙனம் கேட்டு அறிதல் நன்று. பணியாளர் விலகும்போதும், செயலி நிறுத்தப்படும்போதும் அவற்றிற்குரிய பைண்டிங்குகளையும் அழித்தல் வேண்டும். பைண்டிங் பெயரையே நோக்குவது, ஆளை அறியாது. பழைய பெயரிலேயே பின்னர் வேறொரு சர்வீஸ் அக்கவுண்ட் பிறந்தால், பழைய உரிமை முழுதும் கேளாமலே அதனைச் சேரும்.

சான்றிதழைப் பற்றி இன்னும் ஒன்று சொல்லவேண்டியுளது. ஒருமுறை கையொப்பமிட்டுக் கொடுத்த சான்றிதழை இடையிலே செல்லாதாக்கும் வழி குபர்னெட்டீஸில் இல்லை; அதன் தவணை முடியுங்காறும் வாயிலோன் அதனை ஏற்றே தீருவான். பெரும்பாலோர்க்கு அப்பெயருக்குரிய பைண்டிங்கை நீக்கிவிட்டால் போதும். அவர் உள்ளே வந்தாலும் ஒன்றும் செய்ய இயலாது. 'சிஸ்டம்:மாஸ்டர்ஸ்' என்னும் குழுவின் பெயர் பொறித்த சான்றிதழுக்கோ இதுவும் பயன்படாது. அக்குழுவினர் ரோல் முறையையே கடந்து செல்லும் வரம் பெற்றவர். கிளஸ்டரை நிறுவும் கியூப்அட்மின் என்னும் கருவி நெடுங்காலம் நிர்வாகிக்கு இத்தகைய சான்றிதழையே வழங்கிவந்தது. 2023-ஆம் ஆண்டு டிசம்பரில் வந்த 1.29 பதிப்பில் அதனை மாற்றினர். அன்று முதல் நிர்வாகியின் அன்றாடக் கோப்பு பைண்டிங்கால் பெற்ற, நீக்கத்தக்க உரிமையோடு வருகின்றது. வரம் பெற்ற சான்றிதழ் வேறொரு கோப்பில் தனியே எழுதப்படுகின்றது. அக்கோப்பை எவர்க்கும் பகிராமல், கிளஸ்டருக்கு வெளியே எடுத்துப் பூட்டி வைப்பது நிர்வாகியின் வேலை.