கைப்பிள்ளைக்காரிக்கு எந்த வேலை?

வத்தளை, ஹெந்தலையில் நான் நடத்தும் தையல் வகுப்பில் இந்த வருடம் பத்துப் பேர். அதில் ஆறு பேர் கைப்பிள்ளைக்காரிகள். போன மாதம் ஒருத்தி வந்து, "மிஸ், நாளைக்கு வரமாட்டேன், மெடிக்கல் இருக்கு" என்றாள். சவூதிக்கு வீட்டு வேலைக்கு. மகனுக்கு இரண்டே கால் வயது. யார் எடுத்த முடிவு என்று கேட்டேன். "மாமி சொன்னாங்க. பக்கத்து வீட்டு அக்காவும் போறாங்க." அவள் கொலர் வைத்தால் ஒரு சுருக்கம் இராது. அந்தக் கை சவூதியில் கக்கூஸ் கழுவப் போகிறது.

கைப்பிள்ளைக்காரிக்கு முன்னால் உள்ள வழிகளை ஒவ்வொன்றாகப் பார்ப்போம். முதலில் அஸ்வெசும, அரசு தரும் நலன்புரிக் கொடுப்பனவு. 2023 ஜூலையில் சமுர்த்திக் கொடுப்பனவுக்குப் பதிலாக வந்தது. சமுர்த்தியில் வீட்டில் ஆள் கூடினால் பணமும் கூடும், ஆனால் உச்சத் தொகையும் சொற்பமே. அஸ்வெசுமவில் 2025 முதல் வறிய குடும்பத்துக்கு 10,000, மிக வறிய குடும்பத்துக்கு 17,500. பிள்ளை ஒன்றானாலும் நான்கானாலும் அதே தொகை. சம்பளத்தை மட்டும் பார்த்து அதைத் தீர்மானிப்பதில்லை. படிப்பு, சுகாதாரம், சொத்து, வீடு என்று 22 குறிகாட்டிகளுக்குப் புள்ளி போடுகிறார்கள். தகுதியிருந்தும் பெயர் விடுபட்டால் மேன்முறையீடு செய்யுங்கள். ஆனால் வெட்டிவிடுவார்களோ என்ற பயத்தில் வந்த வேலையை விடாதீர்கள். அது தவணை வைத்துத் தரும் உதவி.

அடுத்தது இங்கேயே கிடைக்கும் வேலை. கட்டுநாயக்க காமன்ட் தொழிற்சாலைகள், நீர்கொழும்பு வீதிக் கடைகள் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. 2026 ஜனவரியிலிருந்து குறைந்தபட்ச மாதச் சம்பளம் 30,000 ரூபா. சேரும் அன்றே சேமலாப நிதி கட்டுவார்களா என்று கேளுங்கள்: முதலாளி 12 வீதம், நீங்கள் 8 வீதம். பிள்ளையை யார் பார்ப்பது என்பதுதான் சிக்கல். டே கெயார் காசு சம்பளத்தில் பாதியைத் தின்றாலும் சேவைக்காலம் ஏறிக்கொண்டே போகும்.

இனி வெளிநாடு. 2013இல் கொண்டுவந்த குடும்பப் பின்னணி அறிக்கை, ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளை உள்ள தாயை வீட்டு வேலைக்குப் போகவிடாமல் தடுத்தது. 2022 ஜூனில், டொலர் இல்லாமல் நாடு தவித்தபோது, அமைச்சரவை அந்த வயதை இரண்டாகக் குறைத்தது. சட்டம் இடம் கொடுக்கிறது என்பதற்காகப் போகலாம் என்று அர்த்தமில்லை. ஏஜென்சி உங்கள் கையில் வைக்கும் முற்பணம் விமானம் ஏறுமுன்பே பழைய கடனுக்குப் போய்விடும். பிறகு இரண்டு வருட ஒப்பந்தம் முடியும்வரை, வீடு எப்படிப்பட்டதானாலும், திரும்பி வருவது லேசல்ல. அங்கே உழைக்கும் வருடங்களுக்குச் சேமலாப நிதியும் கிடையாது.

நான் குவைத்தில் நான்கு வருடம் இருந்தவள். ஒவ்வொரு நத்தாருக்கும் மகளுக்குச் சப்பாத்து அனுப்பினேன். வந்து பார்த்தால் நான்கு சோடியும் அலுமாரிக்குள் பெட்டி பிரிக்காமல் இருந்தன. நான் விட்டுப்போன காலின் அளவையே மனதில் வைத்து வாங்கியிருக்கிறேன். ஒன்றும் அவளுக்குக் கொள்ளவில்லை. அனுப்பிய காசில் கட்டிய சுவர் இன்னும் பூசப்படாமல் நிற்கிறது. அந்தக் கண்ணால்தான் இதை எழுதுகிறேன், மறைக்கவில்லை. போய் வந்து வீடு கட்டி நிமிர்ந்தவர்களும் எங்கள் ஒழுங்கையில் இருக்கிறார்கள். அவர்களுடைய பிள்ளைகள் எல்லாம் அப்போது பள்ளிக்கூடம் போகும் வயது.

மாமி சொன்னார், பக்கத்து வீட்டில் போனார்கள் என்று முடிவெடுக்காமல், உங்கள் கைக்கு எது வருகிறது என்று பாருங்கள். சிலருக்குத் தையல், சிலருக்குச் சமையல், சிலருக்குக் கணக்கு. ஒரு தொழில் கையில் படிய இரண்டு வருடமாவது வேண்டும். தையலில் முதல் ஆறு மாதம் நூல் அறும், துணி வீணாகும், வீட்டில் ஏச்சு விழும். அதைப் பொறுத்தால் மெல்ல மெல்ல ஊரே சட்டை தைக்கக் கொண்டுவரும்.

மெடிக்கலுக்குப் போன அந்தப் பெண்ணுக்கு இன்னும் விசா வரவில்லை. ஜன்னலோர மெஷினை வேறு யாருக்கும் கொடுக்காமல் வைத்திருக்கிறேன், பொபினில் அவள் சுற்றிய நீல நூல் அப்படியே இருக்கிறது. வகுப்பு செவ்வாயும் வியாழனும் பின்னேரம் மூன்று மணிக்கு. மகனையும் தூக்கிக்கொண்டு வரலாம்.