முதியோரும் அறிவுப் பயிற்சியும்

வெள்ளிக்கிழமைப் பூசை முடிந்து பிரசாதத்துக்கு நிற்கும்போது எமது முதியோரிடம் அடிக்கடி கேட்கும் வார்த்தை, "வரவர எல்லாம் மறந்து போகுது தம்பி" என்பது. திறப்பை வைத்த இடம் தெரியவில்லை. காலைக் குளிசை போட்டோமா என்பது நினைவில்லை. இதற்குப் பயிற்சி உண்டா என்று கேட்கும் அன்பர்களுக்காக இதனை எழுதுகிறோம்.

அமெரிக்காவில் 1998இல் தொடங்கிய 'அக்டிவ்' என்னும் ஆய்வில், 65 வயதும் அதற்கு மேலும் ஆன 2,832 பேர் சேர்க்கப்பட்டனர். எல்லோரும் தம் காரியங்களைத் தாமே பார்த்துவந்தவர்கள். ஒரு குழுவினர் கடைச் சாமான் பட்டியல் போன்றவற்றை நினைவில் வைக்கும் உபாயங்களைக் கற்றனர். இன்னொரு குழுவினர் எழுத்துக்களின் வரிசையைப் பார்த்து அடுத்து வருவது எது என ஊகிக்கப் பழகினர். மூன்றாவது குழுவுக்குக் கணினியில் பயிற்சி. திரையின் நடுவில் ஒரு வாகனம் கணப்பொழுது தோன்றி மறையும். அதேவேளை ஓரத்திலும் ஒன்று தோன்றும். நடுவில் வந்தது காரா லொறியா, ஓரத்தில் வந்தது எப்பக்கம் என்று சொல்ல வேண்டும். சரியாகச் சொல்லச் சொல்ல, தோன்றும் நேரம் குறைந்துகொண்டே போகும். நான்காவது குழுவுக்குப் பயிற்சியே இல்லை. முதற்கட்டப் பயிற்சி 10 வகுப்புகள், ஐந்தாறு வாரங்கள்.

பயிற்சி முடிந்ததும் வேகப் பயிற்சி பெற்றோரில் நூற்றுக்கு 87 பேரும், ஊகப் பயிற்சி பெற்றோரில் 74 பேரும், நினைவுப் பயிற்சி பெற்றோரில் 26 பேரும் முன்னேறியிருந்தனர். பத்து ஆண்டுகளின் பின்னரும் முதலிரண்டின் பயன் நிலைத்திருந்ததை 2014இல் அறிவித்தார்கள். நினைவுப் பயிற்சியின் பயன் அதற்குள் தேய்ந்துவிட்டது. ஆயினும் அன்றாட வேலைகளில் சிரமம் குறைவு என மூன்று குழுவினருமே கூறினர்.

ஒன்றைக் கவனிக்க வேண்டும். எதைப் பழகினார்களோ அதுவே கூர்மையடைந்தது. ஒரு பயிற்சி மற்றத் திறமைக்கு உதவவில்லை. தேவாரத்தை மனப்பாடமாகப் பாடும் பெரியவர் குளிசையை மறப்பதில் வியப்பில்லை. (பாடுவதை நிறுத்தும்படி நாம் சொல்லவில்லை!) குளிசைக்கு, கிழமைப் பெயர் போட்ட ஏழறைப் பெட்டிதான் வழி.

ஆகவே, மூளையை முழுவதும் கூர்மையாக்கும் என்று விற்கப்படும் கணினி விளையாட்டுகளை நம்பிக் காசைக் கொட்ட வேண்டாம். அவ்வாறு விளம்பரம் செய்த ஒரு நிறுவனம் 2016இல் அமெரிக்க வர்த்தக ஆணையத்துக்கு 20 லட்சம் டொலர் செலுத்த உடன்பட்டது.

பிள்ளைகளுக்கும் ஒரு வார்த்தை. இது ஆய்வு சொன்னதல்ல, எமது அபிப்பிராயம். "அம்மாவுக்கு ஏன் கஷ்டம்?" என்று வங்கிக் கடிதம், பஸ் நேரம், வைத்தியரிடம் போகும் நாள் எல்லாவற்றையும் நீங்களே பார்த்துவிடுகிறீர்கள். பஸ் அட்டவணையை அவரிடமே கொடுத்து, எத்தனை மணிக்குப் புறப்பட்டால் பூசைக்கு வந்து சேரலாம் என்று கேளுங்கள். பிழைத்தால் அடுத்த பஸ் இருக்கிறது. ஆனால் பழகிய வீதியிலேயே வழி தவறினால், அது பயிற்சிக்கு உரிய விடயமல்ல. தாமதியாமல் வைத்தியரிடம் கூட்டிச் செல்லுங்கள்.