உப்பில் விழுந்த ஈஸ்ட் என்ன செய்யும்?

கேள்வி: மூளையோ நரம்போ இல்லாத ஒரு செல், தனக்கு ஆபத்து வந்ததை எப்படி அறிகிறது?
– ஒரு வாசகர், கும்பகோணம்

பதில்: ரொட்டி மாவில் சேர்க்கும் ஈஸ்ட்டையே பாருங்கள். அது இருக்கும் நீரில் திடீரென உப்பைக் கூட்டினால், உள்ளிருக்கும் தண்ணீர் வெளியேறிச் செல் சுருங்கிவிடும். செல் சவ்விலுள்ள உணரிப் புரதங்கள் இதை உடனே கண்டுகொள்கின்றன. அடுத்து நடப்பது தொடர் ஓட்டம்தான். கைனேஸ் என்பது பாஸ்பேட்டை ஒட்டும் நொதி; ஒரு கைனேஸ் அடுத்த கைனேஸின் மீது பாஸ்பேட்டை ஒட்டி அதை முடுக்கிவிடும். அது அதற்கடுத்ததை முடுக்கும். கடைசியில் விழித்துக்கொள்வது ஹாக்1 என்ற கைனேஸ். சில நிமிடங்களில் அது உட்கருவுக்குள் புகுந்து, கிளிசரால் தயாரிக்கத் தேவையான மரபணுக்களை இயக்குகிறது. கிளிசரால் வெளியேறும் வாசலும் அடைக்கப்படுகிறது. உள்ளே கிளிசரால் சேரச் சேர, போன தண்ணீர் திரும்பி வருகிறது.

இதில் எனக்கு வியப்பு, நிறுத்தும் ஏற்பாடுதான். பாஸ்பேட்டைப் பிய்த்தெடுக்கவும் தனி நொதிகள் உண்டு. ஹாக்1 ஓயாமல் வேலைசெய்தால் ஈஸ்ட் செத்தே போகும். இப்படிப் பாஸ்பேட்டை ஒட்டியும் எடுத்தும் புரதங்களைக் கட்டுப்படுத்தும் முறையைக் கண்டறிந்த எட்மண்ட் ஃபிஷரும் எட்வின் கிரெப்ஸும் 1992-இல் மருத்துவ நோபல் பெற்றார்கள்.

நம் செல்களில் ஹாக்1-க்கு உறவினன் பி38. புற ஊதாக் கதிர், அழற்சி எல்லாவற்றுக்கும் அது விழிக்கும். அழற்சி நோயான முடக்குவாதத்தைத் தணிக்க பி38-ஐத் தடுக்கும் மருந்துகளைச் சோதித்தார்கள். எதிர்பார்த்த பலன் கிடைக்கவில்லை.